பனையேறியின் சபதமும் பதினேழு குழிகளும்

காட்டுக்கு நடுவே கருங்குட்டை என்று ஒரு நீர்நிலை. அதில் சூரன் என்ற பனையேறிக் கெண்டை தன் மனைவி அஞ்சலையோடும் ஒன்பது பிள்ளைகளோடும் வாழ்ந்து வந்தான்.

பனையேறிக் கெண்டை சாதாரண மீன் அல்ல. அதன் செவுள் மூடியில் முள் இருக்கும். தரை ஈரமாக இருந்தால் போதும், அந்த முள்ளை ஊன்றி, வாலால் உந்தி, கரையேறி நகர்ந்துவிடும். சூரனுடைய முன்னோர் ஒருவர் அடைமழையில் பனைமரத்தின் உச்சி வரைக்கும் ஏறினார் என்று அந்தக் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. சொல்லாதவரும் யாரும் இல்லை.

கருங்குட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. தை மாதத்தில் குட்டை நிரம்பித் ததும்பும். முழுநிலவுக்கு மறுநாள் காலையில் எல்லோரும் வழுக்குப் பாறையருகே கூடுவார்கள். ஒவ்வொருவராகப் பாறைமேல் ஏறி, இந்த ஆண்டில் நான் இதைச் சாதிப்பேன் என்று சபதம் செய்ய வேண்டும். யாருடைய சபதத்துக்கு ஆரவாரம் அதிகமோ, அவருக்குக் குட்டையிலேயே பெரிய தாமரை இலை ஒரு மாதத்துக்குச் சொந்தம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பரிசு சபதத்துக்குத்தான், செய்து முடித்ததற்கு அல்ல. போன ஆண்டு சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்பது அந்தக் குட்டையில் மரியாதைக் குறைவு. அதனால் சபதங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஊதிக்கொண்டே போயின.

அந்தத் தை மாதமும் கூட்டம் கூடியது. உடும்பு வீரணன் தலைமை. வீரணன் தொண்டையைச் செருமி, "வாங்க, வாங்க! இந்த வருஷம் யாரு முதல்ல?" என்று அழைத்தான்.

நாரை வெள்ளைச்சி நீளக் காலை எடுத்து வைத்துப் பாறையில் ஏறினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்த வருஷம் முழுக்க மீனையே தொட மாட்டேன்! இது சத்தியம்!"

மீன்கள் துள்ளித் துள்ளி ஆரவாரம் செய்தன. அன்று பொழுது சாய்வதற்குள் அவள் இரண்டு குஞ்சு மீன்களை விழுங்கியிருந்தாள் என்பது வேறு விஷயம். கேட்டால், "அது சின்னதுதானே, கணக்குல வராது" என்பாள்.

தவளை ஒன்று, அடுத்த மலைக்குக் கேட்கும்படி பாடப் போவதாகச் சொன்னது. நீர்ப்பறவையான நாமக்கோழி ஒன்று, இனி மனைவியோடு சண்டையே போட மாட்டேன் என்றது. அதன் மனைவி அங்கேயே சண்டைக்கு வந்துவிட்டாள்.

அடுத்து சூரன் ஏறினான். நெஞ்சை நிமிர்த்தினான். மீனுக்கு எது நெஞ்சு என்று கேட்காதீர்கள், அவன் நிமிர்த்தத்தான் செய்தான்.

"மேட்டுல நிக்குதே ஒத்தப் பனை, அதைப் பாருங்க! இந்த வருஷம் அதோட உச்சிக்கு ஏறுவேன்! ஏறி, எல்லாருக்கும் நுங்கு பறிச்சுப் போடுவேன்!"

குட்டையே அதிர்ந்தது. "சூரன்னா சூரன்தான்!" என்று தவளைகள் கத்தின. வீரணன் அப்போதே தாமரை இலையைக் காட்டிவிட்டான்.

"இன்னும் யாராவது உண்டா?" என்று ஒப்புக்குக் கேட்டான்.

"நான் இருக்கேன்" என்றது ஒரு சின்னக் குரல். கரையில் வளை வைத்திருக்கும் நண்டு செல்லி. அவள் பக்கவாட்டில் நடந்து வந்து பாறைமேல் நின்றாள்.

"எட்டு நாளைக்கு ஒரு குழி தோண்டப் போறேன். மொத்தம் பதினேழு குழி."

எல்லோரும் மேலும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள். எதுவும் வரவில்லை.

"குழியா?" என்றான் வீரணன். "குழி தோண்டறதெல்லாம் ஒரு சபதமா செல்லி?"

"என் தங்கச்சி எந்த வெயில்லயும் வத்தாத ஆனைமடுவுல இருக்கா. வெள்ளத்துல அடிச்சுட்டுப் போனவ. போன மழையில போய்ப் பார்த்துட்டு வந்தேன். மழை விட்டா வழி காஞ்சு போகுது. இங்கேருந்து அந்தப் பனை வரைக்கும் மேடு. பனைக்கு அந்தப் பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே மடு. போறப்போ எனக்கு எங்கெங்கே மூச்சு முட்டிச்சோ, அங்கங்கே ஒரு கூழாங்கல்லு வச்சேன். பதினேழு கல்லு. அந்தப் பதினேழு இடத்துலயும் ஈரம் தட்டுற ஆழத்துக்குக் குழி இருந்தா, நான் வெயில்லயும் போகலாம், வரலாம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சூரனும் சிரித்தான். "நாங்க உச்சிக்கு ஏறுறோம், இவ பள்ளத்துக்கு இறங்குறா!" என்று அவன் சொன்னதற்குத் தனியாக ஒரு ஆரவாரம் கிடைத்தது. செல்லி பாறையிலிருந்து இறங்கிப் போனாள்.

தாமரை இலை நிழலில் ஒரு மாதம் சுகமாகப் போயிற்று. போகிற வருகிறவர்களெல்லாம், "என்ன சூரா, பனை எப்போ?" என்று கேட்பார்கள். சூரன் கம்பீரமாக, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பான். ஒருநாள் அஷ்டமி என்றான். மறுநாள் நவமி. அதற்கு அடுத்த நாள் காற்று சரியில்லை. ஏறுவேன் என்று சொன்ன அன்றே பாதி ஏறிவிட்டது போல அவனுக்கு இருந்தது. அதுதான் அந்த ஆரவாரம் செய்கிற கெடுதல்.

அஞ்சலைக்கு இது பிடிக்கவில்லை. "என்னங்க, ஊருக்கே சொல்லியாச்சு. ஒரு நாளாவது கரையேறிப் பார்க்கக் கூடாதா?" என்றாள்.

"அவசரப்படாதே அஞ்சலை. ஏறுறப்போ ஒரே மூச்சுல ஏறுவேன்."

மாசி மாதத்தில் ஒருநாள் தவளைகள் அளவுக்கு மீறிக் கேலி செய்துவிட்டன. சூரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்பவே ஏறுறேன், பாருங்கடா!" என்று கரையில் தாவினான். நல்ல உச்சி வெயில். தரை கொதித்தது.

கரையைத் தாண்டும் வரை ஜோராகப் போனான். அதற்கப்புறம் முள் மண்ணில் பதியவில்லை. உடம்பு காய்ந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் குட்டை தூரத்தில் இருந்தது. முன்னால் பார்த்தால் பனை அதைவிடத் தூரத்தில் இருந்தது. 'இங்கேயே கருவாடுதான்' என்று நினைத்தான். அஞ்சலையின் முகம் நினைவுக்கு வந்தது. அப்போது அவன் உடம்பின் கீழ் மண் சரிந்தது. தொப்பென்று எதிலோ விழுந்தான்.

குளிர்ச்சி! அடியில் ஒரு விரற்கடை தண்ணீர்!

"யாரது என் குழிக்குள்ளே?" என்றது ஒரு குரல்.

"நான்தான்... சூரன்" என்றான் அவன்.

செல்லி எட்டிப் பார்த்தாள். அவள் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. மூலையில் இருந்த ஈர மண்ணைக் கொடுக்கால் வாரி அவன் முதுகில் அப்பினாள்.

"பேசாம கிடங்க அண்ணே. வெயில் தாழட்டும். இது மூணாவது குழி. நாலாவதும் முடிஞ்சது. அஞ்சாவதுல பாதி வந்துட்டேன்."

சூரன் அந்தக் குழியில் வெகுநேரம் கிடந்தான். உயிர் திரும்பி வருவது ஒவ்வொரு செதிலிலும் தெரிந்தது. தான் எதைப் பார்த்துச் சிரித்தோமோ அதுதான் தன்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை நினைக்க நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நன்றி அதிகமாக இருந்தது.

"செல்லி, அன்னைக்கு நான் சிரிச்சேன். தப்பு" என்றான்.

"விடுங்க அண்ணே, அன்னைக்கு எல்லாரும்தான் சிரிச்சாங்க."

"இந்தக் குழி இல்லேன்னா அஞ்சலை இன்னைக்குத் தனியா நிப்பா. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல உடம்பு தேறட்டும்."

மறுநாள் விடியலில், புல்லில் பனி இருக்கும்போதே, சூரன் கரையேறினான். யாரிடமும் சொல்லவில்லை. முதல் குழி வரைக்கும் போனான். திரும்பி வந்தான். அவ்வளவுதான். அதற்கடுத்த நாளும் முதல் குழிதான். ஐந்தாம் நாள் இரண்டாவது குழிக்குப் போனான். உச்சியைப் பார்த்தபடி போனால் கால்வாசி தூரத்திலேயே அலுத்துப் போகிறது, குழியைப் பார்த்தபடி போனால் குழி வந்துவிடுகிறது என்று கண்டுகொண்டான்.

தவளைகள், "பனை என்ன ஆச்சு?" என்று கேட்டன. "அது அங்கேயேதான் நிக்குது" என்று சொல்லிவிட்டு அவன் தன் வேலையைப் பார்த்தான்.

சித்திரை பிறந்தது. செல்லி பதினோராவது குழிக்கு வந்திருந்தாள். அந்த இடம் முழுவதும் சரளைக்கல். தோண்டத் தோண்டக் கல்லே வந்தது. ஒருநாள் காலையில் சூரன் போய்ச் சேர்ந்தபோது அவள் குழி விளிம்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வலது கொடுக்கு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"என்ன ஆச்சு செல்லி?"

"கல்லுக்கு இடையில மாட்டிக்கிச்சு. இழுத்தேன். கழண்டு போச்சு." அவள் மிஞ்சிய கொடுக்கால் ஒரு கல்லைத் தள்ளினாள். "அடுத்த தடவை சட்டை உரிக்கிறப்போ மறுபடி முளைக்கும், அதுக்கு நாளாகும். ஒத்தக் கொடுக்கை வச்சுக்கிட்டு இந்தச் சரளையில நான் என்னத்தைத் தோண்டுறது? அவ்வளவுதான் அண்ணே. தங்கச்சியை மழைக்குத்தான் பார்க்கணும் போல."

சூரன் குழிக்குள் எட்டிப் பார்த்தான். அவனுக்குக் கொடுக்கு இல்லை. தோண்டத் தெரியாது. ஆனால் இரண்டு மாதமாக வயிற்றைத் தரையில் தேய்த்தபடி அந்த வழியில் போய் வந்தவன் அவன். சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது.

"செல்லி, இங்கே வா. நீ வச்ச கூழாங்கல்லுக்கு நாலு அடி இடப்பக்கமா ஒரு இடம் இருக்கு. அதுமேல போறப்போ எனக்கு வயிறு ஜில்லுன்னு இருக்கும். அடியில ஈரம் இருக்குன்னு நினைக்கிறேன். மண்ணும் மெத்துன்னு இருக்கு."

செல்லி ஒற்றைக் கொடுக்கால் அங்கே கீறிப் பார்த்தாள். மண் பொலபொலவென்று வந்தது. ஒரு சாண் தோண்டுவதற்குள் ஈரம் தட்டியது.

"அண்ணே! தண்ணி!" என்று கூவினாள்.

அன்றிலிருந்து அப்படித்தான் வேலை நடந்தது. சூரன் முன்னால் ஊர்ந்து போய் வயிற்றால் குளிர்ச்சி பார்ப்பான். "இங்கே" என்பான். செல்லி தோண்டுவாள். வழி கொஞ்சம் வளைந்து போயிற்று. வளைந்தாலும் பனையை நோக்கித்தான் போயிற்று. கூழாங்கற்களை இடம் மாற்றி வைப்பதில் செல்லிக்குச் சிறு வருத்தம் இருந்தது. ஆனாலும் வைத்தாள்.

வைகாசியில் வெயில் கொடூரமாக அடித்தது. கருங்குட்டை வற்றிக்கொண்டே வந்து, பாறைக்கு அடியில் ஒரு சேற்றுப் பள்ளமாக நின்றது. நாரை வெள்ளைச்சிக்குக் கொண்டாட்டம். தினமும் இரண்டு வேளையும் வந்தாள். "என் சபதத்தை நினைச்சா எனக்கே வருத்தமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே விழுங்கினாள். சூரனின் பிள்ளைகள் ஒன்பதும் அஞ்சலையின் துடுப்புக்கடியில் நெருக்கியடித்துக் கிடந்தன.

வீரணன் அவசரக் கூட்டம் கூட்டினான்.

"நாம அத்தனை பேரும் ஒரே மூச்சுல ஆனைமடுவுக்குப் போயிடுவோம்! இது சபதம்!" என்றான்.

இருந்த கொஞ்சம் தண்ணீரும் தெறிக்கும்படி எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். பிறகு அவரவர் சேற்றுக்குத் திரும்பிப் போனார்கள். எப்போது, எந்த வழியாக என்று யாரும் கேட்கவில்லை.

அஞ்சலை சூரனைப் பார்த்தாள். "என்னங்க, நாம எப்போ?"

"முதல் தூறல் விழட்டும். மேல் மண் நனைஞ்சா போதும், பிள்ளைகள் ஒரு குழியிலேருந்து அடுத்த குழிக்குப் போயிடும். பதினாறு குழி தயாரா இருக்கு. பதினேழாவது, பனையடியில. அது பாதிதான் ஆயிருக்கு."

"பாதி போதுமா?"

"தெரியலை" என்றான் சூரன். முன்பெல்லாம் அவன் இப்படிச் சொன்னதே இல்லை. அஞ்சலைக்கு அதைக் கேட்டதும் பயம் வரவில்லை, தைரியம்தான் வந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் கோடை மழை ஒன்று சடசடவென்று பெய்தது. கொஞ்ச நேரம்தான். நின்றுவிட்டது. சூரன் ஒரு நொடியும் காத்திருக்கவில்லை.

"கிளம்புங்க!"

சூரன் முன்னால். ஒன்பது பிள்ளைகள் நடுவில். அஞ்சலை கடைசியில். பக்கத்திலேயே ஒற்றைக் கொடுக்கோடு செல்லி. இதைப் பார்த்து இன்னும் இரண்டு பனையேறிக் குடும்பங்கள் பின்னால் கிளம்பின.

எல்லாவற்றிலும் சின்னவன் பொடிசு. விரல் நகம் அளவுதான் இருப்பான். கரையேறியதும் கேட்டான்.

"அப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?"

"அடுத்த குழி வரைக்கும்."

முதல் குழியில் இறங்கி நனைந்துகொண்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள்.

"அப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?"

"அடுத்த குழி வரைக்கும்டா."

ஒவ்வொரு குழியிலும் பொடிசு கேட்டான். ஒவ்வொரு குழியிலும் சூரன் அதையேதான் சொன்னான். அது பொய் இல்லை. மூன்றாவது குழியில் இறங்கும்போது சூரன் அதன் ஈரச் சுவரில் ஒருமுறை முகத்தை வைத்து எடுத்தான். பதினோராவது குழியில் செல்லி அதையே செய்தாள்.

பதினாறாவது குழியைத் தாண்டும்போது மேகம் கலைந்து வெயில் ஏறிவிட்டது. பனையடிக்கு வந்து சேர்ந்தார்கள். பதினேழாவது குழி அரைக்குழிதானே, பெய்த மழையை மண் குடித்துவிட்டிருந்தது. குழி காய்ந்து கிடந்தது. இனி மடு வரைக்கும் நீண்ட சரிவு. நனையாமல் அதைக் கடக்க முடியாது. பின்னால் திரும்பவும் முடியாது.

பொடிசின் வாய் திறந்து திறந்து மூடியது. இந்த முறை அவன் தூரம் கேட்கவில்லை. அதுதான் சூரனைப் பயமுறுத்தியது.

"என்னங்க!" என்று அஞ்சலை அலறினாள். "மேலே பாருங்க!"

நாரை வெள்ளைச்சி வட்டமிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

சூரன் பனையின் தூரில் சாய்ந்தான். சாய்ந்ததும் வயிற்றில் அந்த உணர்வு வந்தது. குளிர்ச்சி! மரத்தில் ஏது குளிர்ச்சி? நிமிர்ந்து பார்த்தான். ஒரு முழ உயரத்தில் மரத்தில் ஒரு பொந்து. பொந்தின் வாயில் சருகு அடைத்துக் கிடந்தது. சருகின் இடுக்கு வழியாக மழை நீர் நூல் போலக் கசிந்து இறங்கியது.

பொந்து நிறையத் தண்ணீர்!

"செல்லி, பிள்ளைகளைப் பார்த்துக்கோ!"

செவுள் முள்ளை மரப்பட்டையில் ஊன்றினான். வாலை அழுத்தினான். ஒரு விரற்கடை ஏறினான். உச்சி எங்கே இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. இன்னொரு விரற்கடை. முள் வழுக்கியது. சறுக்கினான். மறுபடி ஊன்றினான். நாள்தோறும் விடியலில் போய் வந்து பழகிய உடம்பு, சொன்னபடி கேட்டது.

கீழே வெள்ளைச்சி வந்து நின்றாள். "அடடா, குடும்பத்தோட வந்திருக்கீங்களே!" என்று அலகைத் தாழ்த்தினாள்.

செல்லி அவளுடைய காலைப் பிடித்தாள். ஒற்றைக் கொடுக்குதான். ஆனால் பதினாறு குழி தோண்டிய கொடுக்கு.

"ஐயோ! விடு! விடுடி! நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன்!"

"பார்த்தாச்சுல்ல? போ!"

வெள்ளைச்சி ஒற்றைக் காலில் குதித்தாள். உதறினாள். செல்லி விடவில்லை. "போறேன், போறேன்!" என்று அவள் சிறகை விரித்த பிறகுதான் பிடியைத் தளர்த்தினாள்.

அதற்குள் சூரன் பொந்தை எட்டிவிட்டான். சருகை வாயால் கவ்வி, உடம்பை முறுக்கி இழுத்தான். வரவில்லை. இன்னொரு இழுப்பு. சருகோடு சேர்ந்து அவனும் விழுந்தான். அவனுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டியது. பனந்தூரில் வழிந்து நேராக அந்த அரைக்குழிக்குள் இறங்கியது. குழி நிறைந்தது.

பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குழிக்குள் விழுந்தன. அஞ்சலை பொடிசை மூக்கால் தள்ளி உள்ளே விட்டாள். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு தண்ணீரில் ஒரு குமிழி வந்தது.

"அப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?"

சூரன் அவனைப் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தான். அஞ்சலைதான் சொன்னாள்: "இனிமே இறக்கம்தான்டா கண்ணு."

பின்னால் வந்த இரண்டு குடும்பங்களும் குழியில் நனைந்துகொண்டதும், சரிவில் எல்லோரும் உருண்டே போனார்கள். ஆனைமடுவின் கரையில் ஒரு நண்டு நின்றுகொண்டிருந்தாள். செல்லியின் ஒற்றைக் கொடுக்கைப் பார்த்ததும், "அக்கா! என்ன ஆச்சு அக்கா!" என்று ஓடி வந்தாள். அக்காவும் தங்கையும் கொடுக்கு கோத்துக்கொண்டு நின்றார்கள். சூரன் குடும்பம் அவர்களைத் தொந்தரவு செய்யாமல் மெதுவாகத் தண்ணீரில் இறங்கியது.

அந்த ஒரு வாரத்தில் கருங்குட்டையிலிருந்து நண்டுகளும் தவளைகளும் அதே குழிகள் வழியாக வந்து சேர்ந்தன. கரையேறத் தெரியாத மீன்கள் மட்டும் சேற்றில் புதைந்து கிடந்து, ஆனி மாத மழையில் பிழைத்துக்கொண்டன. எல்லோரும் பிழைத்தார்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் வெள்ளைச்சியின் வயிறு சும்மா இருந்ததில்லை.

மறுபடி தை வந்தது. கருங்குட்டை நிரம்பியது. எல்லோரும் திரும்பி வந்து வழுக்குப் பாறையருகே கூடினார்கள்.

"சூரா, வா!" என்றான் வீரணன். "போன வருஷம் பனை உச்சி! இந்த வருஷம் என்ன, மலை உச்சியா?"

சூரன் பாறையில் ஏறினான். "அதுக்கு முன்னாடி, போன வருஷம் சொன்னது என்ன ஆச்சுன்னு சொல்லிடுறேன்" என்றான்.

கூட்டம் திடுக்கிட்டது. யாரும் இதுவரை அதைச் சொன்னதில்லை.

"பனை உச்சிக்கு ஏறுவேன்னு சொன்னேன். ஏறலை. ஒரு முழம்தான் ஏறினேன். அந்த ஒரு முழத்துக்கும் எனக்குப் பதினாறு குழி வேண்டியிருந்தது. அதைத் தோண்டினது செல்லி. நான் அவளைப் பார்த்துச் சிரிச்ச இடம் இந்தப் பாறைதான். அதனால இங்கேயே சொல்றேன். செல்லி, உன்னாலதான் நான் உயிரோட இருக்கேன். என் பிள்ளைங்க ஒன்பதும் இருக்கு. ஒரு நாளாவது கரையேறிப் பாருங்கன்னு சொன்ன அஞ்சலைக்கும் நன்றி. குழிக்குக் குழி கேள்வி கேட்ட பொடிசுக்கும் நன்றி. அவன் கேட்கலேன்னா நானே எத்தனையோ தடவை பனை உச்சியைப் பார்த்துப் பயந்திருப்பேன்."

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஆனால் யாரும் அசையவும் இல்லை.

"இந்த வருஷ சபதம் என்ன?" என்று வீரணன் மெதுவாகக் கேட்டான்.

"பதினேழாவது குழி இன்னும் பாதியிலதான் நிக்குது. அடுத்த பௌர்ணமிக்குள்ளே அதை முடிக்கணும். நான் ஈரம் பார்ப்பேன். செல்லி தோண்டுவா. அது முடிஞ்ச பிறகுதான் அடுத்ததைப் பத்திப் பேசுவேன்."

செல்லி கீழே இருந்து கையசைத்தாள். புதிதாக முளைத்திருந்த சின்னஞ்சிறு கொடுக்கு.

அடுத்ததாக வெள்ளைச்சி பாறையில் ஏறினாள். ஒரு காலில் இன்னும் தழும்பு இருந்தது. வழக்கம்போலக் கண்ணை மூடினாள். பிறகு திறந்துவிட்டாள்.

"போன வருஷம் சொன்னதை நான் ஒரு நாள்கூடச் செய்யலை" என்றாள். "இந்த வருஷம்... வெள்ளிக்கிழமை மட்டும் மீனைத் தொட மாட்டேன்."

சின்ன சபதம்தான். ஆனால் அவள் அதைக் காப்பாற்றினாள். கருங்குட்டை மீன்கள் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் கரையோரம் நிம்மதியாக நீந்தி, அவளுக்கு நன்றி சொல்கின்றன. பதினேழாவது குழியும் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே முடிந்துவிட்டது.

உச்சியைக் காட்டிக் கைதட்டு வாங்குகிறவன் நின்ற இடத்திலேயே நிற்பான்; தன் மூச்சுக்கு எட்டும் தூரத்தைக் குறியாக வைத்து, கைகொடுத்தவரை மறக்காமல் நடக்கிறவனே போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேருவான்.